பெயர் வந்தது, வினை வரவில்லை

கெடா மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள், பள்ளியில் ஆங்கிலம் பயிலுமுன்னரே ஆங்கிலச் சொற்கள் சிலவற்றை வழங்கிவந்தனர். 'லைன்' லயமாயிற்று, 'பரேடு' பெரட்டாயிற்று. இவை பெயர்ச்சொற்கள் என்பதை நாம் கருதுதல் வேண்டும். வினை தமிழாகவே நின்றது: பெரட்டுக்குப் போனார்கள், பால் வெட்டினார்கள்.

1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் கட்டாயப் பாடமாக வழிவகுத்தது. சுங்கை பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரப் பிள்ளைகள் மூன்று இலக்கணங்களை ஒருங்கே சுமக்கலாயினர். வந்தான், வந்தாள், வந்தது எனத் தமிழ் வினை திணையும் பாலும் காட்டும். மலாயில் 'டாத்தாங்' எவர்க்கும் எக்காலத்துக்கும் ஒன்றே. ஆங்கிலமோ விந்தையானது: பெயரின் இறுதியில் 'ஸ்' சேர்ந்தால் பன்மை, நிகழ்கால வினையில் அதே 'ஸ்' படர்க்கை ஒருமை! பிள்ளைகள் திகைத்ததில் வியப்பென்ன?

வேற்றுமை ஏற்பது பெயர், காலம் காட்டுவது வினை என்று தொல்காப்பியம் வகுத்த நெறி, இவ்விடத்தில் ஆங்கிலத்துக்கும் ஏணியாகும் என்பது நம் துணிபு. அவ்வேணியைப் பயன்படுத்திய ஆசிரியர் சிலரே. தொடக்கப்பள்ளி முடித்த பிள்ளைகள் பலர், மொழியின்பொருட்டுப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக அமர்ந்தனர். அவர்தம் வயதொத்த பிறர் அப்போது முதற் படிவத்தில் இருந்தனர்.