பிரிட்டிஷ் சார்ஜென்ட் (மூழ்கிய கப்பல்)

பிரிட்டிஷ் சார்ஜென்ட், இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டக் கடலில் மூழ்கிக் கிடக்கும் எண்ணெய்க் கப்பல். ஸ்கூபா முக்குளிப்பவர்கள் விரும்பிச் செல்லும் இடங்களுள் ஒன்று.

வரலாறு: 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானியக் கடற்படை விமானங்கள் திருகோணமலையையும் அதன் தெற்கே இருந்த கப்பல்களையும் தாக்கின. ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல், வாம்பயர், ஹோலிஹாக் ஆகிய போர்க்கப்பல்கள், ஆதெல்ஸ்டேன் என்னும் எண்ணெய்க் கப்பல் ஆகியவற்றுடன் இதுவும் அன்று மூழ்கியது.

அமைவு: ஹெர்மிஸ் 50 மீட்டருக்கும் கீழே கிடப்பதால் தொழில்நுட்பப் பயிற்சி பெற்றவர்களே அதை அடைய முடியும். பிரிட்டிஷ் சார்ஜென்டோ ஏறத்தாழ 24 மீட்டர் ஆழத்தில் உடைந்து கிடக்கிறது. பொழுதுபோக்கு முக்குளிப்பில் மேம்பட்ட பயிற்சிக்குரிய 30 மீட்டர் எல்லைக்குள் இது அடங்கும்.

உயிரினங்கள்: மணற்பாங்கான கடலடியில் இரும்புத் தகடுகள் செயற்கைப் பாறைத்திட்டாகின்றன. அவற்றில் கடற்பஞ்சும் பவளமும் ஒட்டி வளர்கின்றன. இடுக்குகளில் களவாவும் அஞ்சாலையும் பதுங்க, மேலே பாரைக் கூட்டங்கள் இரைதேடும். ஆழத்தில் சிவப்பு நிறம் மங்கிவிடும்; டார்ச் ஒளி பட்டால்தான் சிங்கமீனின் செந்நிற வரிகள் தெரியும். அதன் முதுகு முட்கள் நஞ்சுள்ளவை.

முக்குளிப்பு: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் தெளிவாக இருக்கும். 24 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் 3.4 மடங்கு, உருளையில் உள்ள காற்றும் அத்தனை மடங்கு வேகமாகத் தீரும். மேலேறும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பது வழக்கம். உரிய பயிற்சியின்றிக் கப்பலுக்குள் நுழையக் கூடாது. எந்தப் பொருளையும் எடுத்து வரவும் கூடாது.