பக்கத்து வீட்டு மொழியில் பேசும் பேய்

ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஜூஜூவாடி தாண்டி, அத்திப்பள்ளியில் வண்டிகள் முட்டிக்கொண்டு நிற்க ஆரம்பித்தால், ஒரு நாவலைப் படித்து முடித்துவிடலாம். சமீபத்தில் அப்படி நின்ற ஒரு பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு இளைஞர்கள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. ஒருவன் கோபத்தின் உச்சத்தில் இருந்தான்.

"அவ செத்தா செத்ததுதான்டா! இருபத்து மூணு வருஷம் கழிச்சு வந்து கதைய மாத்த இவனுங்க யாரு?"

யாரோ சொந்தக்காரப் பெண்ணின் சாவு, சொத்துத் தகராறு என்று நினைத்து நான் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது, வீடியோ கேம்!

ஜப்பானில் 1997 ஜனவரியில் வெளியான 'ஃபைனல் ஃபேன்டஸி 7' என்ற பிளேஸ்டேஷன் விளையாட்டு. அதில் ஏரித் என்று ஒரு பூக்காரப் பெண். பாதிக் கதையில் வில்லனின் வாளுக்குப் பலியாகிவிடுவாள். கூடவே ஓடியாடி விளையாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பேரிடி. விளையாட்டைப் பார்த்து மனிதர்கள் அழுதார்கள் என்றால் நம்புங்கள். அதை 2020 ஏப்ரலில், உலகமே ஊரடங்கில் முடங்கிக் கிடந்தபோது, புதிதாகத் தயாரித்து வெளியிட்டார்கள். சும்மா படத்தைப் பளபளப்பாக்கியதோடு விடவில்லை. பழைய கதையிலிருந்து யாராவது விலகினால், உடனே வந்து சூழ்ந்துகொண்டு தடுக்கும் ஆவிகள் மாதிரி சிலவற்றைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். 'கதையை மாத்தாதே' என்று கூச்சல் போடும் ரசிகர்களையே ஆவிகளாக்கிவிட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. கடைசியில் கதாநாயகன் கோஷ்டி அந்த ஆவிகளையே அடித்து நொறுக்குகிறது. 2024-ல் வந்த அடுத்த பாகத்தில், ஏரித் செத்தாளா, இல்லையா என்பதையே மங்கலாக்கிவிட்டார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. அத்திப்பள்ளி வரை வந்துவிட்டது!

எனக்குச் சிரிப்பு வந்தது. காரணம், இதே சாலையில், இதே சண்டையை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அப்போது செத்துப்போன பெண்ணின் பெயர் நாகவல்லி.

அல்லது சந்திரமுகி. நீங்கள் சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கதை கேரளத்தில் ஆரம்பிக்கிறது. 1993 டிசம்பரில் ஃபாசில் இயக்கி வெளிவந்த 'மணிச்சித்திரத்தாழ்'. கதை எழுதியவர் மது முட்டம். பூட்டிய அறை, அதற்குள் ஒரு நாட்டியக்காரியின் பழங்கதை, அதைக் கேட்டுக் கேட்டு, தன்னையே அவளாக நினைத்துக்கொள்ளும் ஒரு மருமகள், அவளைக் குணப்படுத்த வரும் மனநல மருத்துவர். மருமகளாக நடித்த ஷோபனாவுக்கு தேசிய விருது கிடைத்தது. பத்து வருடம் கழித்து பி. வாசு இதைக் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாக எடுத்தார். விஷ்ணுவர்தன், சௌந்தர்யா, ரமேஷ் அரவிந்த். 2004 ஆகஸ்டில் படம் வெளியானபோது சௌந்தர்யா உயிரோடு இல்லை. ஏப்ரல் 17-ம் தேதி, பெங்களூருவில் கிளம்பிய சில நிமிடங்களில் விழுந்து எரிந்த சிறு விமானத்தில் அவர் போய்விட்டார். தியேட்டரில் அவர் நாகவல்லியாகக் கண்ணை உருட்டியபோது கன்னட ரசிகர்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அடுத்த வருடம் 2005 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு நாளில், அதே வாசு, 'சந்திரமுகி'. ரஜினி, ஜோதிகா, பிரபு. 'பாபா'வின் தோல்விக்குப் பிறகு ரஜினி எழுந்து நின்ற படம். சென்னை சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாட்களைத் தாண்டியது.

இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாதது, ஓசூரில் அந்தப் படம் என்னவாக இருந்தது என்பது.

கர்நாடகத்தில் அப்போது டப்பிங் படங்களே கிடையாது. 1960-களில் அ.ந. கிருஷ்ணராவ், மா. ராமமூர்த்தி போன்றவர்கள் நடத்திய போராட்டத்தின் விளைவு அது. ராஜ்குமாரின் ஆதரவும் சேர்ந்துகொள்ள, எழுதாத சட்டமாகவே நின்றுவிட்டது. கன்னட சினிமா வளராத காலத்தில் அது பிழைப்புக்கான போராட்டம், அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் விளைவைக் கவனியுங்கள். மொழிமாற்றம் கூடாது என்றால், வேற்று மொழிக் கதையைக் கன்னடத்தில் சொல்ல ஒரே வழி, மறுபடி எடுப்பதுதான். அதாவது ரீமேக்! 2015-ல் இந்தியப் போட்டி ஆணையம், கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபைக்கு அபராதம் போட்ட பிறகுதான் கதவு மெல்லத் திறந்தது. 2019-ல் அஜித்தின் 'விஸ்வாசம்', 'ஜகமல்லா'வாகிக் கன்னடம் பேசியது.

இன்னொரு கூத்தும் நடந்தது. 2004-ன் பிற்பாதியில், வேற்றுமொழிப் படங்கள் மற்ற இடங்களில் வெளியாகி ஏழு வாரம் கழித்தே கர்நாடகத்துக்குள் வர வேண்டும் என்று கன்னடத் திரையுலகம் பிடிவாதம் பிடித்தது. பெங்களூருவில் இருக்கும் தமிழ், தெலுங்கு ரசிகனால் ஏழு வாரம் பொறுக்க முடியுமா? நேரே ஓசூருக்கு பஸ் ஏறினான். ஆப்தமித்ரா ஓடிக்கொண்டிருந்ததும் அதே மாதங்களில்தான். அந்தப் பக்கத்துக்காரன் ஒரு கதையைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறான், இந்தப் பக்கத்துக்காரன் ஷிஃப்ட் முடிந்து அந்தப் பக்கம் போகிறான். 1970-களில் சிப்காட் வந்து, அசோக் லேலண்டும், டி.வி.எஸ்ஸும், டைட்டனும் வரிசையாக வந்து, எல்லா ஊர்க்காரர்களையும் இழுத்துப்போட்ட ஊர் அல்லவா? ஒரே டீக்கடை பெஞ்சில் மூன்று படத்தையும் பார்த்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

விவாதம் எப்படி இருக்கும் தெரியுமா? கன்னடக்காரர், "நம்ம படத்தைத்தான் நீங்க காப்பி அடிச்சீங்க" என்பார். தமிழர், "ரஜினியே கிருஷ்ணகிரிக்காரர்தான்யா" என்பார். (பொய்யில்லை. அவர் பிறந்தது பெங்களூருவில் என்றாலும், பூர்வீகம் இந்த மாவட்டத்து நாச்சிக்குப்பம்.) மூலையில் இருக்கும் பாலக்காட்டுக்காரர் டீயை உறிஞ்சிவிட்டு, "ரெண்டுமே எங்களது" என்று நிதானமாகச் சொல்வார். சண்டை முடிந்தது... இல்லை, ஆரம்பித்தது!

அந்தச் சண்டையில் விஷயம் இருந்தது. மலையாளத்தில் மோகன்லால் வரவே வெகுநேரம் பிடிக்கும். வந்ததும் கோமாளித்தனம் செய்வார். சந்திரமுகியில் எடுத்த எடுப்பிலேயே ரஜினியும் சண்டையும் பாட்டும். சரி, சூப்பர் ஸ்டார் படம், அதை விடுங்கள். கிளைமாக்ஸைப் பாருங்கள். மலையாளத்தில், தன்னைக் கொன்ற காரணவரைப் பழிவாங்க நாகவல்லி வாளோடு வரும்போது, எதிரியின் இடத்தில் இருப்பவன் அவளுடைய கணவன். மனைவியைக் காப்பாற்ற, மனைவியின் வாளுக்கு நேரே அவனே போகிறான். கடைசி நொடியில் பலகை சுழன்று பொம்மை வெட்டுப்படுகிறது. தமிழில்? அந்த இடத்தில் இருப்பது வேட்டையனாக வேஷம் போட்ட ஹீரோ. வாளுக்குப் பதில் நெருப்பு. கணவன் பத்திரமாக ஓரத்தில் நிற்கிறான்!

என்னைக் கேட்டால், மூலக்கதையின் உயிர்நாடி இந்த இடத்தில்தான் அறுந்தது. அது ஒரு தாம்பத்தியக் கதை. தமிழில் நட்புக் கதை ஆகிவிட்டது. ஆனால் அந்த மாற்றம் கொடுத்த வேட்டையனை யாரால் மறக்க முடியும்? 'லக லக' சொல்லாத குழந்தை அந்த வருடம் உண்டா? ஒன்றை இழந்து இன்னொன்றைப் பெற்றோம். கணக்கு சரியா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் நெருடுகிறது. மூலக்கதையை எழுதிய மது முட்டத்துக்கு உரிய பெயர் கிடைக்கவில்லை என்ற சர்ச்சை எழுந்தது. டீக்கடையில் மூன்று மாநிலத்துக்காரர்கள் சொந்தம் கொண்டாடிய கதையில், எழுதியவனுக்கு பெஞ்சில் இடமில்லை.

கதையை மாற்றினால் கோபப்படுவது நமக்குப் புதிதா என்ன? கம்பர் பட்ட பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வால்மீகியில் ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பருக்கு மனம் ஒப்பவில்லை, பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுக்கவைத்தார். விபீஷணன் வாயால் இரணியன் கதையைச் சொல்லவைத்தார். ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றும்போது, 'மூலத்தில் இல்லாதது எப்படி வரலாம்?' என்று பண்டிதர்கள் மறித்தார்களாம். அப்போது மேட்டழகிய சிங்கர் சந்நிதியிலிருந்து நரசிம்மரே தலையசைத்து ஒப்புதல் கொடுத்தார் என்பது கர்ண பரம்பரைக் கதை. ரசிகர் சண்டையைத் தீர்க்க சாமியே வரவேண்டியிருந்தது! வாசுவுக்கு அந்த வசதி இல்லை.

இந்தச் சண்டை எப்போதும் டீக்கடையோடு நிற்பதும் இல்லை. 2008-ஐச் சொல்லாமல் போக முடியாது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல் கறை படியும், எலும்பு வளையும். சின்ன வயதிலேயே கிழத்தன்மை தட்டிய மனிதர்களைக் கிராமங்களில் பார்க்கலாம். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். கர்நாடகத்தில் எதிர்ப்பு கிளம்பியது. ஏப்ரலில் சென்னையில் திரையுலகம் உண்ணாவிரதம் இருந்தது. ரஜினி மேடையேறிக் காட்டமாகப் பேசினார். ஆகஸ்டில் 'குசேலன்' வர வேண்டும். அதுவும் மலையாள ரீமேக், 'கத பறயும்போள்'. இயக்கம், அட, அதே வாசு! ரஜினி வருத்தம் தெரிவித்தால்தான் படம் ஓடும் என்று கன்னட அமைப்புகள் நின்றன. அவரும் தெரிவித்தார். படம் அங்கே வெளியானது. இங்கே ரசிகர்கள் முகம் வாடியது. படமும் ஓடவில்லை.

அங்கேயும் கதை மாற்றம்தான் பேச்சு. மூலத்தில் நட்சத்திரமாக வரும் மம்மூட்டிக்குச் சின்ன வேடம், கதை முழுக்க ஏழை முடிதிருத்துபவனுடையது. தமிழில் நட்சத்திரத்தின் பங்கை இழுத்து நீட்டினார்கள். குசேலன் கதையில் குசேலன் காணாமல் போனான். ஆனால் பஸ் நிலையத்தில் அன்று இதைப் பேசியவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். 1991 டிசம்பரில், காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி பெங்களூருவில் கலவரம் வெடித்தபோது, கையில் கிடைத்ததோடு எல்லை தாண்டி ஓடிவந்த தமிழர்களை நேரில் பார்த்தவர்கள் உள்ள ஊர் இது. இங்கே ஒரு படத்தைத் திட்டுவதற்கு முன்னால் அக்கம்பக்கம் பார்க்க வேண்டியிருக்கும். குடிநீர்த் திட்டம் 2013-ல் நிறைவேறியது.

நாகவல்லிக்கு வருகிறேன். ரீமேக்குகளில் எல்லோரும் கவனித்தும், யாரும் அதிகம் பேசாத மாற்றம் ஒன்று இருக்கிறது. மலையாளப் படத்தில் நாகவல்லி தஞ்சாவூர்க்காரி. அதாவது பேய் தமிழ் பேசும்! மலையாளம் பேசும் மருமகள் திடீரென்று தமிழில் சீறும்போதுதான் கேரளத்து ரசிகனுக்கு முதுகுத்தண்டு சில்லிடும். கன்னடத்தில்? பேய் தெலுங்கு பேசியது. தமிழில்? அதே தெலுங்கு, அதே 'ரா ரா'. இந்தியில் 2007-ல் 'பூல் புலையா' வந்தபோது பேய் வங்காளியானது. உச்சம் என்னவென்றால், சந்திரமுகியைத் தெலுங்குக்கு மொழிமாற்றினார்களே, அதில் 'ரா ரா' போய் 'வாராய்' வந்தது. பேய் மறுபடி தமிழச்சி!

புரிகிறதா? எந்த ஊரிலும் பேய் உள்ளூர் மொழி பேசுவதில்லை. ரொம்ப தூரத்து மொழியும் பேசுவதில்லை. அடுத்த வீட்டு மொழி. பாதி புரியும், பாதி புரியாது. பயப்படுவதற்கு அந்தப் பாதிதான் தோது.

இந்த வித்தை ஓசூரில் மட்டும் பலிக்கவில்லை. இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு, பள்ளிக்கூடத்தில் தமிழ். ஓசூர் நண்பர் ஒருவர் சந்திரமுகி பார்க்கத் தன் பாட்டியை அழைத்துப்போனார். பாட்டிக்கு வீட்டில் தெலுங்குதான். 'ரா ரா' வந்தது. ஜோதிகா கண்ணை விரிக்கிறார், சுற்றியிருப்பவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், முன்வரிசைக் குழந்தை ஒன்று அலறுகிறது.

பாட்டி பேரன் பக்கம் சாய்ந்து கேட்டாராம்: "ஏன்டா எல்லாரும் பயப்படுறாங்க? அந்தப் பொண்ணு வா வான்னுதானே கூப்பிடுது!"