17 படங்களும் 83 படங்களும்

பயணத்தில் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து ஒரு கைப்பிடியைப் பொறுக்கி, அவற்றைக் கொண்டு ஒரு கதை சொல்ல முடியுமா? முடியும் என்று 1950களில் இரண்டு புகைப்படக் கலைஞர்கள் காட்டினார்கள். யூஜின் ஸ்மித்தின் ‘ஸ்பானிஷ் வில்லேஜ்’ 1951 ஏப்ரல் 9 அன்று ‘லைஃப்’ இதழில் 17 படங்களோடு வந்தது. ராபர்ட் ஃபிராங்கின் ‘தி அமெரிக்கன்ஸ்’ 83 படங்கள் கொண்ட நூலாக 1958இல் பாரிஸிலும் 1959இல் நியூயார்க்கிலும் வெளியானது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், ஒரே வேலைக்கு எத்தனை வேறுபட்ட வழிகள் இருக்கின்றன என்பது விளங்கும்.

ஸ்மித் 1950இல் ஸ்பெயினுக்குப் போனபோதே என்ன சொல்ல வேண்டும் என்பதில் தெளிவாக இருந்தார்: சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியின் கீழ் மக்கள் படும் வறுமையும் அச்சமும். அதற்குப் பொருத்தமான ஊரைத் தேடி நெடுந்தூரம் காரில் அலைந்து, கடைசியில் எக்ஸ்ட்ரிமதூராப் பகுதியிலுள்ள டெலெய்டோசாவில் நின்றார். ஃபிராங்கின் போக்கு நேரெதிர். சுவிட்சர்லாந்தில் பிறந்து 1947இல் அமெரிக்காவுக்கு வந்த அவர், குகன்ஹைம் அறக்கட்டளையின் நல்கை கிடைத்ததும் 1955-56இல் பழைய ஃபோர்டு காரில் அந்நாட்டைச் சுற்றினார். எடுத்தவை ஏறக்குறைய 27,000 படங்கள். நூலுக்குள் போனது சுமார் 325க்கு ஒன்று. ஸ்மித் கதையோடு போய் ஊரைத் தேடினார். ஃபிராங்க் ஊர்களைப் பார்த்துவிட்டு வந்து, பிரின்ட்டுகளைப் பரப்பி வைத்துக் கதையைத் தேடினார்.

கதையைக் கோக்கும் முறையும் அதற்கேற்பவே மாறுகிறது. ஸ்மித்தின் 17 படங்களில் ஓர் ஊரின் வாழ்க்கை முழுதும் அடங்குகிறது. கத்தோலிக்கச் சடங்கான புதுநன்மைக்கு வெள்ளை உடையில் போகும் சிறுமி, உழவு, நூல் நூற்கும் பெண், முறைத்து நிற்கும் மூன்று குவார்தியா சிவில் காவலர்கள், இழவு வீடு. எது பெரிதாக வர வேண்டும், எது சிறிதாக ஒதுங்க வேண்டும் என்பதைப் பக்க அமைப்பு தீர்மானிக்கிறது. விட்ட இடத்தைப் படக்குறிப்புகள் நிரப்புகின்றன.

ஃபிராங்கின் நூலில் வலப்பக்கத்தில் ஒரே ஒரு படம். பாரிஸ் பதிப்பில் எதிர்ப்பக்கம் முழுக்கப் பல எழுத்தாளர்களின் மேற்கோள்கள் இருந்தன. அமெரிக்கப் பதிப்பு அவற்றை நீக்கி, எழுத்தாளர் ஜாக் கெரவாக்கின் முன்னுரையோடு நிறுத்திக்கொண்டது. அதனால் பக்கத்துக்குப் பக்கம் பொருள் சொல்லும் பொறுப்பு படங்களின் வரிசைக்கே வந்து சேர்ந்தது. லாங் பீச்சில் இரண்டு பனைகளுக்கு நடுவே துணி போர்த்திய கார் ஒன்று பளபளவென்று நிற்கிறது. பக்கத்தைத் திருப்பினால் அரிசோனா நெடுஞ்சாலை ஓரம். விபத்தில் இறந்த உடலைக் கம்பளி மூடியிருக்கிறது, சிலர் சுற்றி நிற்கிறார்கள். அதற்கடுத்து நியூ மெக்ஸிகோவில் முடிவில்லாமல் நீளும் சாலை. முதல் படத்தைத் தனியே பார்த்தால் வெறும் கார்தான். இரண்டாவதைக் கண்ட பிறகு அந்தப் போர்வை வேறு ஒன்றாகிவிடுகிறது. ஒரு வார்த்தை எழுதாமல் காரையும் சாவையும் சாலையையும் அவர் முடிச்சுப் போட்டுவிட்டார்.

எனினும் இந்த இருவரையும் பிரிக்கும் முதன்மையான கோடு வரிசையில் இல்லை, பார்வையில் இருக்கிறது. ஸ்மித்தின் இழவு வீட்டுப் படத்தை உற்றுப் பாருங்கள். இறந்த முதியவரைச் சூழ்ந்து, கறுப்புத் துணி போர்த்திய பெண்களின் முகங்கள் இருளில் மிதக்கின்றன. எல்லாருடைய கவனமும் துக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் நெகட்டிவில் கேமராவை நோக்கிய கண்களும் இருந்தன. இருட்டறையில் ஸ்மித் அவற்றைக் கறுப்பாக்கி, வெளுப்புக் கரைசலைத் தூரிகையால் தொட்டு விழி வெண்மையை இடம் மாற்றி, பார்வையை வேறு பக்கம் திருப்பினார். அந்த அறையில் அயலார் ஒருவர் கேமராவோடு நின்றதற்கான சாட்சி அப்படி அழிந்தது.

ஃபிராங்க் அந்தச் சாட்சியை அழிக்கவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் புல்மேட்டில் அமர்ந்திருந்த கறுப்பினத் தம்பதியரைப் பின்னாலிருந்து எடுத்தபோது அவர்கள் திரும்பி எரிச்சலோடு பார்த்தார்கள். அந்த எரிச்சலோடே படம் நூலில் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் டிராம் வண்டியில் முன்னே வெள்ளையர், பின்னே கறுப்பர். ஜன்னல் ஜன்னலாக முகங்கள் நேரே நம்மைப் பார்க்கின்றன. நூலின் கடைசிப் படத்தில் டெக்ஸஸ் சாலையோரம் நிற்கும் காருக்குள் இருப்பவர்கள் ஃபிராங்கின் சொந்தக் குடும்பத்தினர். பயணியும் கதைக்குள் வந்துவிட்டார்.

ஸ்மித்தின் கலைத்திறனையோ, ஏழைகளின் பக்கம் நின்ற அவர் நெஞ்சையோ நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஓர் ஊரின் பிறப்பையும் பசியையும் இறப்பையும் 17 படங்களில் அடக்கிய கட்டுக்கோப்பு இன்றும் பாடம்தான். ஒரே ஊரில் தங்கி, அங்குள்ளவர்களோடு பழகி எடுப்பவர் அவரிடமே கற்க வேண்டும். ஆனால் நம்மில் பலர் ஊர்களைக் கடந்து போகிறவர்கள். அங்கே வாழ்பவர்களின் வாழ்க்கை இதுதான் என்று அறுதியிட நமக்கு உரிமை குறைவு. நாம் போனோம், பார்த்தோம், நம்மையும் அவர்கள் பார்த்தார்கள் என்று சொல்லும் உரிமை உண்டு. ஆகவே பயணப் படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, யாரோ நம்மை முறைத்துவிட்டார் என்பதற்காக ஒரு படத்தைக் கழிக்க வேண்டாம். கதையில் நாம் எங்கே நின்றோம் என்பதைக் காட்டும் படம் அதுவாகவே இருக்கக்கூடும்.