அன்றைய தீர்ப்பும் இன்றைய தீர்ப்பும்



கலீஃபா உமர் (ரழி) அவர்களின் முன்னிலையில் ஒரு வாரிசுரிமை வழக்கு வந்தது. மரணித்த பெண்ணுக்குக் கணவர், தாய், தாய்வழிச் சகோதரர்கள், உடன்பிறந்த சகோதரர்கள் இருந்தனர். கணவருக்கு 1/2, தாய்க்கு 1/6, தாய்வழிச் சகோதரர்களுக்கு 1/3 என அல்குர்ஆன் விதித்த பங்குகள் பிரிந்ததும் சொத்து தீர்ந்துவிட்டது. எஞ்சியதைப் பெறவேண்டிய உடன்பிறந்தோர் வெறுங்கையோடு திரும்பினர். பின்னர் அதே போன்ற வழக்கொன்று வந்தபோது, நாங்களும் அதே தாயின் பிள்ளைகள்தானே என்ற வாதத்தை ஏற்று, உடன்பிறந்தோரையும் அந்த மூன்றிலொன்றில் பங்காளிகளாக்கினார்கள். முன்பு வேறு விதமாகத் தீர்த்தீர்களே என்று கேட்கப்பட்டபோது, அது அன்றைய தீர்ப்பு, இது இன்றைய தீர்ப்பு என்ற கருத்தில் பதிலளித்தார்கள். முந்திய தீர்ப்பை அவர்கள் முறிக்கவுமில்லை, அதற்குக் கட்டுப்படவுமில்லை.

ஓர் இஜ்திஹாதை மற்றோர் இஜ்திஹாத் முறிக்காது என்ற ஃபிக்ஹ் விதிக்கு இச்சம்பவம் ஆதாரமாகக் காட்டப்படும். ஷாஃபிஈ மத்ஹப் இரண்டாவது தீர்ப்பை ஏற்றது. ஹனஃபி மத்ஹப் ஏற்கவில்லை. மரண சாசனமின்றி இறந்த முஸ்லிமின் சொத்து பற்றிய 1931ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், அவர் சார்ந்த பிரிவின் சட்டத்தையே பின்பற்றச் சொல்கிறது. ஆகவே கல்முனையிலோ சாய்ந்தமருதிலோ ஒரு வீட்டில் இந்நிலை நேர்ந்தால், உமர் (ரழி) அவர்களின் அந்தத் தீர்ப்பே நம் வாசலுக்கு வருகிறது.

நாட்டின் பொது நீதிமன்ற மரபு வேறு. ஆங்கிலேயர் ஆட்சியில் வேரூன்றிய அம்மரபில் மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு கீழ் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தும். அதன் கனத்தை அறிய றீட் வழக்கு ஒன்றே போதும். பொதுச் சட்டப்படி மணமுடித்திருந்த கிறிஸ்தவர் ஒருவர் 1959இல் இஸ்லாத்தைத் தழுவி, முந்திய மணம் முறியாமலேயே முஸ்லிம் விவாகச் சட்டத்தின் கீழ் வேறொரு பெண்ணை மணந்தார். இருதார மணக் குற்றத்திலிருந்து உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. லண்டன் பிரிவி கவுன்சில் 1965இல் அதனை உறுதி செய்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதுவே சட்டமாய் நின்றது. 1971இல் பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிந்தது. பின்னர், 1998ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் வெளியான அபேசுந்தர வழக்கில், ஐந்து நீதியரசர்கள் கொண்ட ஆயம் றீட் தீர்ப்பைத் தவறென மாற்றியது. ஒருதார மணத்தின் கடப்பாட்டை மதம் மாறுவதால் மட்டும் ஒருவர் உதறிவிட முடியாது என்பது அவர்களின் முடிவு. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தில் இதற்காக ஓர் எழுத்தும் திருத்தப்படவில்லை. ஆயினும் சட்டம் மாறிற்று.

இது மார்க்கத்தில் கைவைப்பதாகும் என்று கருதுவோர் உண்டு. அடியேனுக்கு அவ்வாறு தோன்றவில்லை. உடன்படிக்கைகளை நிறைவேற்றுமாறு ஏவும் மார்க்கம் நம்முடையது. முதல் மனைவியை ஏமாற்றுவதற்குக் கலிமா ஒரு கருவியாவதை எந்த முஃமின் விரும்புவார்?

புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவருக்குப் பெண் கொடுக்க முன்வரும் பெற்றோர், அவருக்கு முன்னர் விவாகம் நடந்ததா, நடந்திருப்பின் நீதிமன்றத்தில் அது முறிந்ததா என விசாரித்து, தீர்ப்பாணையின் பிரதியைக் கண்ணால் பார்த்துக்கொள்ளட்டும். நிக்காஹ் முடிந்து, பதிவும் நடந்து, பிள்ளையும் பிறந்த பின்னர் அந்த விவாகமே செல்லாது எனத் தீர்க்கப்பட்டால், தலைகுனிந்து நிற்பது நம் மகளேயாவாள்.