பழைய கோடும் புதிய வண்ணமும்: மாத்தளை மாவட்டச் சான்றுகள் சில

யப்பானியர் ‘மங்கா’ என வழங்கும் சித்திரக்கதை, பெரும்பாலும் கறுப்பு வெள்ளையிலேயே அச்சாகி வளர்ந்த கலையாகும். அண்மைக் காலத்தில் அவற்றுட் புகழ்பெற்ற தொடர்கள் சில கணினியின் துணையால் வண்ணந்தீட்டப்பெற்று மறுபதிப்பாக வெளிவருகின்றன. 1984 இல் தொடங்கிய ‘டிராகன் பால்’ 2013 முதல் முழுவண்ணப் பதிப்பாக வெளியிடப்பட்டமை இதற்கு எடுத்துக்காட்டாகும். மூலக் கலைஞனின் கோட்டின்மீது பிறிதொரு கை நிறம் பூசுதல் முறையோ என்னும் வினா இதனால் எழுகின்றது. கருவி புதிதாயினும் வினா பழையது. மாத்தளை மாவட்டத்தில், ஒன்றுக்கொன்று இருபது கிலோமீற்றருக்கும் குறைந்த தொலைவிலுள்ள ஈரிடங்கள் இதற்கு இருவேறு விடைகளைத் தருகின்றன.

முதலாவது தம்புள்ளை. இங்குள்ள ஐந்து குகைக் கோயில்களின் தோற்றத்தைக் கி.மு. முதலாம் நூற்றாண்டின் வலகம்பா மன்னனோடு மரபு தொடர்புபடுத்தும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிசங்கமல்லன் சிலைகளுக்குப் பொற்பூச்சிட்டான். ஆயினும், ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பில் இன்று காணப்படும் ஓவியங்களுட் பெரும்பாலானவை கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் (1747–1782) காலத்தனவும் அதற்குப் பிற்பட்டனவுமாகும். மதுரை நாயக்கர் வழித்தொடர்புடைய குடியிற் பிறந்த இம்மன்னன் பௌத்தத்தின் பெரும் புரவலனாக விளங்கினான் என்பது தமிழ் மாணவர் கருத்திற் கொள்ளவேண்டிய செய்தி.

இவ்வோவியப் பணியிற் பரம்பரையாக ஈடுபட்டோருள் அயலிலுள்ள நீலகம ஓவியர் குடியினர் குறிப்பிடத்தக்கவர். கண்டி நாட்டு ஓவியர் வெண்களிமண்ணிலிருந்து வெள்ளையையும், விளக்குக் கரியிலிருந்து கறுப்பையும், அவுரியிலிருந்து நீலத்தையும் பெற்றனர். சிவப்புக்குச் சாதிலிங்கம் பயன்பட்டது. அப்பெயர் சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றாகவே வழங்குகின்றது. இவர்கள் பழைய ஓவியத்தைப் படியெடுக்கவில்லை. மங்கிய சுவரைப் புதிதாகத் தீட்டினர். அது அவர்களுக்குப் புண்ணியமேயன்றிக் குற்றமன்று. கோபுரத்துச் சுதைகளுக்குக் குடமுழுக்குத்தோறும் புதுவண்ணம் பூசுதல் நம் கோயில்களிலும் உள்ள வழக்கமே. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் இராசகோபுரத்தைக் கண்டவர் இதனை எளிதில் உணர்வர். எனினும் வரலாற்று மாணவனுக்கு இதனால் நேர்ந்த இழப்புச் சிறிதன்று. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு முன் அச்சுவர்கள் எவ்வாறு தோன்றின என்பதை அறியும் வழி பெரிதும் அடைபட்டுவிட்டது.

சீகிரியாவின் நிலை வேறு. காசியப்பன் (477–495) காலத்துப் பெண்ணுருவங்கள் மீது பிற்கால ஓவியர் எவரும் கைவைக்கவில்லை. ஓருருவத்தில் ஓவியன் முதலில் வரைந்து, பின் திருத்திய கையொன்றின் சுவடு இன்றும் மறையாதுள்ளது. தொல்பொருளாய்வாளர் எச்.சி.பி. பெல் அவர்களின் கீழ்ப் பணியாற்றிய டி.ஏ.எல். பெரேரா, 1896–97 ஆம் ஆண்டுகளில் இவ்வோவியங்களை எண்ணெய் வண்ணத்திற் படியெடுத்தார். சிதைவையும் உராய்வையும் அவர் அழகுபடுத்தாது அப்படியே தீட்டினார் எனப் பெல் பாராட்டியுள்ளார். அப்படிகள் கொழும்பு அரும்பொருளகத்தைச் சேர்ந்தன; மூலம் பாறையிலேயே நின்றது. 1967 இல் விஷமிகள் அம்மூல ஓவியங்கள்மீது பச்சை வண்ணத்தை வீசிப் பூசியபோது, இத்தாலிய வல்லுநர் லூசியானோ மரன்சி அவற்றைச் சீர்செய்தார். அவர் செய்த வேலை புதுவண்ணம் தீட்டுவதன்று, பூசப்பட்டதை நீக்குவதே.

இவ்விரண்டனுள் மங்காவின் வண்ணப் பதிப்பு எதனைச் சாரும்? ஒட்டோமோ கட்சுகிரோவின் ‘அக்கிரா’ தக்க சான்றாகும். 1982 முதல் 1990 வரை யப்பானில் வெளிவந்த இத்தொடர், 1988 இல் அமெரிக்காவில் வெளியிடப்படத் தொடங்கியபோது ஸ்டீவ் ஒலிஃப் என்பவரால் கணினி வண்ணமூட்டப் பெற்றது. அவரைத் தெரிந்தெடுத்தவர் ஒட்டோமோவே. அப்பதிப்பில் வாசிப்புத் திசையும் இடமிருந்து வலமாக மாற்றப்பட்டது. ஒட்டோமோ நுண்கோடுகளாலும் வெற்று வெண்மையாலும் காட்டிய நகர அழிவுக்கு ஒலிஃப் ஒளியும் நிறமும் சேர்த்தார். ஆதலின் அவர் பெரேராவைப் போன்ற படியெடுப்பாளரல்லர்; நீலகம ஓவியரைப் போலத் தம் கற்பனையையும் கலந்தவர். ஆனால் அவர் தீட்டியது மூலத்தாளின் மீதன்று. அதனாற்றான் 2000–2002 இல் அதே கதை ஆறு தொகுதிகளாகக் கறுப்பு வெள்ளையில் அமெரிக்க வாசகரை மீண்டும் அடைய முடிந்தது. வண்ணப் பதிப்பு மட்டுமே விற்பனையில் நின்று மூலப்பதிப்பு அச்சிலிருந்து மறையுமாயின், அவ்வாசகர் நிலை தம்புள்ளைக் குகையில் நிற்பவர் நிலையே.