காத்தாடிக்கு வந்த தேய்மானம்

ராஜ்கோட்டுக்கு மாற்றலாகி வந்த புதுசில் ஒரு காற்றாலைக் கடன் கோப்பு என் மேசைக்கு வந்தது. படிக்கப் படிக்கக் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சிட்டு மக்கா! நமக்கு ஊர் ஆரல்வாய்மொழி பக்கம். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வண்டியை நிறுத்திக் கும்பிடும்போது சுத்தியும் தெரியுமே, அந்தக் காத்தாடிக் காடுதான்.

இயற்பியல் அறிஞர் அன்னா மணி, வானிலைத் துறையில் இருந்து 1976-ல் ஓய்வு பெற்ற பிறகு, பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு நாடு முழுக்கக் காற்றின் வேகத்தை அளக்கும் வேலையை நடத்தினார். 1986-ல் ஓகா, ரத்னகிரி, நம்ம தூத்துக்குடி ஆகிய இடங்களில் 55 கிலோவாட் காத்தாடிகளை அரசாங்கம் சோதனைக்கு நட்டது.

ஆனால் முப்பந்தலைக் காடாக்கியது வருமான வரிச் சட்டம். (காமர்ஸ் படிச்சவன் புத்தி வேற எங்க போகும்?) காத்தாடிக்கு முதல் வருஷமே 100 சதவீதம் தேய்மானம். 1995 வாக்கில் கம்பெனி வரி, சர்சார்ஜோடு 46 சதவீதம். லாபத்தில் ஓடும் மில் 1 கோடிக்குக் காத்தாடி வாங்கினால் 46 லட்சம் வரி அந்த வருஷமே மிச்சம். அப்புறம் கரண்ட் வேற! ஆடிக் காத்தில் வந்த யூனிட்டை மின்வாரியத்திடம் கொடுத்து வைத்து, காத்து இல்லாத மாசம் திரும்ப எடுத்துக்கலாம். அதுக்குப் பெயரே பேங்கிங்தான்.

180 நாளுக்குக் குறைவாக ஓடினால் அந்த வருஷம் பாதித் தேய்மானம்தான். அதனால் காலண்டரைப் பார்த்துத்தான் நட்டார்கள். எவ்வளவு யூனிட் வரும் என்று கேட்டவர்கள் குறைவு. கணவாயின் நல்ல காத்து உள்ள இடமெல்லாம் சின்ன மெஷின்களுக்குப் போனது. 1996 பட்ஜெட்டில் குறைந்தபட்ச மாற்று வரி வந்ததும் அந்த வேகம் படுத்துவிட்டது.

அந்த ஓட்டத்தில்தான் எங்க தாத்தா ஒன்றரை ஏக்கர் பனங்காட்டை விற்றார். கருப்பட்டிக்கு ஆகாத, ஆடு மேய்க்கிற தரை என்று புரோக்கர் விலை பேசினான். அத்தை கல்யாணம் நடந்தது. அங்கே அடிக்கிற காத்துக்கு ஒரு விலை உண்டு என்று தாத்தாவுக்குச் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. எனக்கு அப்போது பதினைந்து வயசு, கிரேன் வந்ததை வேடிக்கை பார்த்தேன்.

பிறகு சலுகை 80 ஆனது. 2012-ல் அதுவும் போய், 2014-ல் திரும்பி வந்து, 2017-ல் 40-க்கு இறங்கியது. அதே 2017 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்தில் யூனிட் 3 ரூபாய் 46 காசு. இந்த விலைக்கு விற்றால் காத்து அடித்தே ஆகணும். என் மேசைக்கு வந்த கோப்பிலும் முதலில் இருந்தது காத்து அளந்த கணக்குதான்.

20 வருஷம் தாண்டிய காத்தாடிகளை மாற்ற 2024-ல் தமிழ்நாடு அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. அப்பாவுக்கு போன் போட்டு, "நம்ம தரையில நிக்கது இன்னும் சுத்துதா?"ன்னு கேட்டேன்.

"ஆடிக்குச் சுத்திச்சு. இப்போ நிக்கி"ன்னார்.