ஒரு கணினியில் இரு இயங்குதளங்கள்

கணினியை உடலென்றால், அதனை இயக்கும் மென்பொருளாகிய இயங்குதளத்தை உயிரெனல் பொருந்தும். ஓருடலில் ஈருயிர் உறைதல் இயற்கையில் இல்லை. மடிக்கணினியிலோ அஃது எளிதிற் கைகூடும். வின்டோஸ் ஒரு பகுதியிலும், யுனிக்ஸ் மரபில் வந்த லினக்ஸ் மறு பகுதியிலும் இருக்க, வேண்டியதைத் தேர்ந்து இயக்கலாம். இந்நிலை வந்தெய்திய வரலாறு, அறிவு யாருக்கு உரியது என்னும் வினாவோடு பிணைந்ததாகும்.

1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பணிபுரிந்த கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்னும் அறிஞர் இருவர் யுனிக்ஸைத் தோற்றுவித்தனர். 1973 இல் அது சீ மொழியில் மீள எழுதப்பட்டமையால், ஒருவகைப் பொறிக்கே கட்டுப்படாது பலவகைப் பொறிகளிலும் குடியேறும் ஆற்றல் பெற்றது. பல்கலைக்கழகங்களில் அதன் மூலநிரல் பாடநூல்போற் பயிலப்பட்டது. ஆயின், 1979 இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் உரிமம் அந்நிரலை வகுப்பிற் கற்பித்தலைத் தடுத்தது. ஏட்டைப் பூட்டிவைத்து எழுத்தறிவித்தல் இயலுமோ?

அத்தடையே புதுவழிக்கு ஏதுவாயிற்று. அம்ஸ்ரடாமிற் கற்பித்த பேராசிரியர் அன்ட்ரூ தனென்பாம், மாணவர்க்கென மினிக்ஸ் என்னும் சிறுதளத்தைத் தாமே எழுதி 1987 இல் வெளியிட்டார். அதற்கு முன்னரே, 1983 இல், எவரும் கற்கவும் திருத்தவும் பகிரவும் உரிய தளமொன்றை ஆக்கும் க்னூ முயற்சியை றிச்சாட் ஸ்டோல்மன் அறிவித்திருந்தார். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ், மினிக்ஸ் இயங்கிய தம் கணினியிலேயே லினக்ஸின் கருவை எழுதினார். ஒருநாள் மினிக்ஸ் இருந்த பகுதியைத் தவறுதலாக அழித்துவிட்ட அவர், அதனை மீள நிறுவாது, தாம் எழுதிய தளத்தையே வளர்க்கத் துணிந்தார். 1992 இல் அது க்னூ உரிமத்தின்கீழ் வந்து உலகோர் உடைமையாயிற்று.

இரு தளங்கள் ஒருங்கிருத்தற்கு எல்லை வேண்டும். பழைய முறையில், வன்தட்டின் முதற் கூறாகிய 512 பைற்றுகளுள் 64 பைற்றுகள், காணி உறுதியின் எல்லைக் குறிப்புப்போல, நான்கு பகுதிகளின் எல்லைகளைக் காட்டின. 1992 இல் எழுந்த லிலோவும் அதன் பின்வந்த கிரப்பும் கணினி விழித்ததும் எத்தளம் வேண்டுமென வினவும் வாயில்காப்போராயின. பின்னர் நிறுவப்படும் வின்டோஸ் அவ்வாயில்காப்போனை அகற்றிவிடுமாதலின், வின்டோஸை முன்னும் லினக்ஸைப் பின்னும் நிறுவுதல் வழக்காயிற்று.

எல்லை வகுத்த பின்னரும் பிணக்குகள் உள. வின்டோஸ் பொறியின் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்ளும். லினக்ஸ் உலகப் பொதுநேரமாகக் கொள்ளும். ஆகவே பல்லேபொலையிற் காலை 8 மணிக்கு வின்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறுவோர் பிற்பகல் 1.30 எனக் காணவும் கூடும். ஐந்தரை மணி நேரப் பிழை பொறியின் பழுதன்று. இரு மரபுகளின் கருத்து வேற்றுமையே. மடிக்கணினியின் உறக்கமும் மின்கலச் சிக்கனமும் இத்தகையனவே. 1996 இல் இவற்றுக்குப் பொதுவிதி வகுக்கப்பட்டும், உற்பத்தியாளர் பலர் வின்டோஸை நோக்கியே பொறிகளை அமைத்தமையால், லினக்ஸ் ஆர்வலர் ஒவ்வொரு பொறியின் இயல்பையும் ஆய்ந்தறிய நேர்ந்தது.

தமிழ்கூறு நல்லுலகில் இவ்வொருங்கிருப்புப் பேரளவில் நிகழ்ந்தது தமிழ்நாட்டிலேயாம். 2011 செப்டெம்பர் 15 இல் அங்கு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், மாணவர்க்கு வழங்கிய கணினிகளில் வின்டோஸுடன் பொஸ் லினக்ஸும் இடம்பெற்றது. பொஸ் என்பது இந்திய அரசின் சீ-டாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு ஆக்கி, 2007 இல் வெளியிட்ட தளம். தமிழ் முதலிய இந்திய மொழிகளுக்கு இடமளிப்பது. ஏழை மாணவன் கையில் ஒருங்கே இரு வாயில்கள் கிடைத்தன.

எனினும், வாயில் இருத்தல் வேறு. அதனைத் திறக்கக் கற்றல் வேறு. ஒரு தளம் பயன்படுத்த மட்டுமே இடந்தருகிறது. மற்றையது தன் உள்ளமைப்பையே விரித்துக் காட்டுகிறது. பின்னதைத் திறந்து பார்க்க மாணவரைப் பழக்காவிடின், 1979 இல் உரிமத்தால் வந்த தடை, இன்று நம் அசட்டையால் மீண்டும் வந்ததாகும். அதனைத் தவிர்த்தல் ஆசிரியர் கடனாம்.